சீட்டுக்குப் பின்னால் வைத்த பெல்ட்

அன்று காலை என் கணவர் பின்வாசல் படியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அவருடைய பச்சைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா நகம் வெட்டுதீகளே" என்றேன்.

"மரத்துல ஏறினா கீழ நிக்கிறவுகளுக்கு மூஞ்சியா தெரியும்? காலுதான் தெரியும். பஸ்ஸு நிறைய காலேஜ் பிள்ளைக வருதுக. அழுக்கு நகத்தப் பாத்துட்டு ஓடிறக் கூடாதுல்லா."

"நகத்தப் பாத்துத்தான் வேலைக்குச் சேருவாங்களாக்கும்."

"ஏட்டி, உன்னப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா மொதல்ல பாத்தது உன் காலத்தான். தெரியுமா?"

அவர் அம்மா அப்படிப் பார்த்தது எனக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே சட்டையை மடித்து வைத்தேன். அந்த நாளில் சாதாரணமாக நடந்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நகம் வெட்டியதால்தான் அப்படி ஆனது என்று என் அம்மா இன்றும் சொல்கிறாள். அது காரணம் இல்லை. அவர் நகம் வெட்டி முடித்துக் கால் மணி நேரம் கழித்து நான் அவரிடம் ஒன்று சொன்னேன். அதுதான் காரணம். சொன்னதை விட, சொன்னேன் என்பதை நாலு மாதம் வெளியே விடாமல் வைத்திருந்ததுதான் எனக்கு இப்போது பெரிதாகத் தெரிகிறது.

என் கணவர் பெயர் லிங்கேஸ்வரன். எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அவர் வீட்டில் அண்ணன் ராணுவம், மச்சான் போலீஸ். இவரும் போலீஸ் தேர்வுக்குப் போய் உயரத்தில் அரை சென்டிமீட்டர் குறைந்து திரும்பி வந்தவர். "தென்ன மரத்துல ஏறி நின்னுட்டா அந்த அரை சென்டிமீட்டர யாரு கேக்கப் போறா" என்பார். டிப்ளமோ முடித்துக் கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் இருந்தார். அங்கே ஒரு கண்காட்சியில் தென்னை ஏறும் மெஷினைப் பார்த்திருக்கிறார். இரண்டு இரும்புச் சட்டம், மரத்தைச் சுற்றிப் பிடிக்க இரண்டு கம்பி வடம், மிதித்து மிதித்து ஏற வேண்டியது. அதை ஒன்று வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

எங்கள் பக்கம் தோப்புகளுக்குக் குறைவில்லை. ஏறத்தான் ஆள் இல்லை. ஏறிக்கொண்டிருந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் மில்லுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். முற்றின காய் தானாக விழுகிறவரை தோப்புக்காரர்கள் ஆளுக்காகக் காத்திருந்தார்கள்.

"கஷ்டமான வேலைன்னு யாரும் ஓடலட்டி" என்று அவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "மில்லுல எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டுப் பஞ்சத் திங்காங்க, அது கஷ்டமில்லையா? இந்த வேலைக்கு ஒரு பேரு இல்ல, ஒரு சட்ட இல்ல, ஒரு ஞாயித்துக்கிழம இல்ல. அத மூணையும் குடுத்துப் பாப்போம்."

கொடுத்தார். பச்சை நிறத்தில் காலர் வைத்த சட்டை. கழுத்தில் அட்டை. அட்டையில் 'தென்னைப் பராமரிப்பாளர்' என்று போட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எந்தத் தோப்புக்காரர் கூப்பிட்டாலும் கிடையாது. மரம் ஏறுகிறவன் என்று யாராவது சொன்னால், சண்டை போடாமல் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். போன் என்னிடம் இருந்தது. தோப்புகளை எழுதி நாள் குறித்துக் கொடுப்பதும், சேர விரும்புகிற பையன்களின் வீட்டாருக்குப் பதில் சொல்வதும் என் வேலை.

நாலாவதாக அவர் கொடுத்தது பெல்ட். இடுப்பில் கட்டி, கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொக்கியில் மாட்ட வேண்டும். கால் வழுக்கினாலும் கை விட்டாலும் பெல்ட் பிடித்துக்கொள்ளும். சேருகிறவர்களுக்கு முதல் நாள் வேறு எந்தப் பாடமும் கிடையாது. நாலடி உயரம் ஏறி, இரண்டு கையையும் விட்டு, பெல்ட்டில் தொங்க வேண்டும். "தொங்கிப் பாக்காதவன் ஏறக் கூடாது" என்பார். அவரும் எந்த மரத்திலும் பெல்ட் இல்லாமல் ஏறியதில்லை, ஒன்றைத் தவிர.

ஆள் சேர்க்க இரண்டு முகாம் போட்டோம். முதலாவது வத்திராயிருப்பில். இருபதடி ஏறி, எல்லாரும் பார்க்க இரண்டு கையையும் விட்டுப் பின்னால் சாய்ந்து தொங்கினார். பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஒரு அம்மா தன் பையனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து சேர்ந்தது ஒரே ஒருவன், சங்கிலிப்பாண்டி. அதுவும் இரண்டு வாரம் கழித்து. அவன் அம்மா மாரியாத்தாள் முகாமில் முன்வரிசையில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருந்தது. அம்மாவை மீறித்தான் வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது முகாமில் அவர் தொங்கவில்லை. பெல்ட்டைக் கையில் பிடித்துப் பத்து நிமிஷம் விளக்கினார். ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

போனில் அம்மாக்கள் கேட்பதும் அதைத்தான். "சட்ட எல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி. அந்தக் கயிறு எதுக்கு?" நான் விளக்கிச் சொல்வேன். பிறகு, "அவுக அப்பாட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிடுவார்கள்.

மூன்றாவது முகாம் சோழபுரத்தில், ராஜரத்தினம் அண்ணன் தோப்பில். அவரும் சுற்றியிருந்த தோப்புக்காரர்களும் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார்கள். பயிற்சி முடித்த பத்துப் பேரைக் காட்டினால், வருஷம் முழுக்க அவர்கள் தோப்பெல்லாம் எங்களுக்கு. எங்களிடம் சங்கிலிப்பாண்டியோடு சேர்த்து நாலு பேர்தான் இருந்தார்கள். விவசாயம் படிக்கிற பிள்ளைகள் ஒரு கல்லூரியிலிருந்து பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். படித்த பிள்ளைகள் சேர்ந்தால் மற்ற வீடுகளும் அனுப்பும் என்பது அவர் எண்ணம்.

அந்தக் காலையில் அவர் ஆம்னி வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். பெல்ட்டைத் தூக்கித் தோளில் போட்டிருந்தார். நான் சொன்னேன்: "இன்னிக்கு அது வேண்டாமே."

"எது?"

"பெல்ட்டு. கயிறப் பாத்தாலே விழுந்துருவாங்களோன்னு நினைப்பு வருது. ரெண்டு முகாம்லயும் பாத்தோம்லா. இன்னிக்கு ஏறி எறங்குறத மட்டும் காட்டுங்க. சேந்த பொறவு பெல்ட்டச் சொல்லிக்கிடலாம்."

அவர் அதைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நானே போடாம ஏறினா பயலுக நாளைக்கு என்ன மதிப்பானுகளா?"

"ஒரு மரந்தான. செத்த நேரம். எத்தனை ஆயிரம் மரம் ஏறியாச்சு."

"நீ சொல்றதும் ஒரு வகைக்குச் சரிதான்" என்று சொல்லிவிட்டு, பெல்ட்டைச் சுருட்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தார். எங்களோடு அப்போது யாரும் இல்லை.

முகாம் நன்றாக நடந்தது. இதையும் எழுத வேண்டும். நான் சொன்னது பலித்தது. அவர் படி ஏறுகிற மாதிரி ஏறினார், இறங்கினார். பிள்ளைகள் கை தட்டினார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். ஒரு பையன், "சார், டூட்டி டைம் என்ன?" என்றான். "காலையில ஆறு டு பதினொண்ணு. மத்தியானம் தூங்கலாம், கவர்மெண்டு வேல மாதிரி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேப்பமரத்தடியில் மேஜை போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். பத்துப் பேர் கொடுத்துவிட்டார்கள். பதினொன்றாவதாக ஒரு பெண் வந்து, "பொண்ணுக சேரலாமாக்கா?" என்றாள். பெயர் காளீஸ்வரி. அதற்குள் பின்னால் நின்ற சிலர் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னதால், அவர் இரண்டாவது முறை ஏறியிருக்கிறார்.

நான் பார்க்கவில்லை. குனிந்து அவள் போன் நம்பரை எழுதிக்கொண்டிருந்தேன். மரத்தின் கொண்டையில் இருந்தபடி ஒரு குலையைக் காட்டி ஏதோ விளக்கியிருக்கிறார். சாய்ந்து பிடித்த மட்டை, வண்டு அரித்து உள்ளே உளுத்துப் போயிருந்தது. கையோடு வந்துவிட்டது. பெல்ட் இருந்திருந்தால் மட்டை மட்டும் கீழே விழுந்திருக்கும்.

ஆம்புலன்ஸ் ராஜபாளையம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அவர் காலை நான் மடியில் வைத்திருந்தேன். வேறு எங்கே தொட்டாலும் வலிக்குமோ என்று பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் தன்மையாகத்தான் கேட்டார். "பாதுகாப்பு பெல்ட்டெல்லாம் வச்சிருந்தாராமே. ஏம்மா போடல?"

பக்கத்தில் அவர் அம்மா, மச்சான், சங்கிலிப்பாண்டி எல்லாரும் நின்றார்கள்.

"மறந்துட்டாருன்னு நினைக்கேன்" என்றேன்.

நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். மறந்தார் என்பது ஊருக்குள் போய், திமிரில் போடாமல் ஏறினார் என்று ஆனது. படித்த பிள்ளைகள் முன்னால் கெத்துக் காட்டினான் என்றும் பேசினார்கள். கருமாதிக்கு வந்த அவர் சித்தப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "ஊருக்கெல்லாம் உபதேசம், தனக்கு இல்ல" என்றார். நான் இலையை மடக்கிக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பெயர் கொடுத்த பத்துப் பேரும் போனை எடுக்கவில்லை. எங்களிடம் இருந்த நாலு பேரில் மூன்று பேர் திருப்பூர் போய்விட்டார்கள். சங்கிலிப்பாண்டி மட்டும் வந்தான். "மதினி, தோப்புக்காரங்க கூப்பிட்டா எங்கிட்ட சொல்லுங்க. நான் பாக்கேன்" என்றான். வேன் சாவியைக் கொடுத்தேன். அவன் தினமும் போனான். தோப்புப் பக்கம் போக எனக்கு மனமில்லை. போனில் பேசுவதோடு சரி.

தை மாதம் ஒரு போன் வந்தது.

"அக்கா, நான் காளீஸ்வரி. அன்னிக்கு உங்ககிட்டப் பேர் குடுத்தேனே. என் பேர் இன்னும் லிஸ்ட்ல இருக்காக்கா?"

"இருக்கும்மா" என்றேன்.

"எனக்கு லீவு. வரட்டுமா?"

"வீட்ல சம்மதிச்சாங்களா?"

"எங்கப்பா கோவமாத்தான் இருக்காரு. ஆனா பஸ்ஸுக்குக் காசு குடுத்துட்டாரு. அப்ப சம்மதந்தானக்கா?"

பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் ஒரு தோப்பில் அன்று வேலை. பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப வேண்டாம் என்று நானும் கூடப் போனேன். நாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் ஒரு தோப்புக்குள் கால் வைத்தேன். சங்கிலிப்பாண்டி ஏற்கெனவே மரத்தில் இருந்தான். நான் அண்ணாந்து பார்த்தேன். அவன் இடுப்பில் ஒன்றும் இல்லை.

அவன் இறங்கி வந்ததும், காளீஸ்வரிக்கு மெஷினைக் காட்டிப் பேச ஆரம்பித்தான். அவள்தான் கேட்டாள், "அண்ணே, பெல்ட்?"

"அதெல்லாம் சும்மா பேச்சுக்கும்மா. மெஷின் பழகிட்டா பெல்ட்டு வேகத்தக் குறைக்கும். எங்களுக்கு வாய் கிழியச் சொன்ன அண்ணனே போடல. மத்தவனுக்குத்தான் சட்டம், தனக்குக் கிடையாது."

"செத்துப் போனாருல்ல அண்ணே" என்றாள் அவள்.

"அது அவரு விதி. நான் மட்டையத் தட்டிப் பாத்துத்தான் பிடிப்பேன்."

அவனுக்கு இருபத்து மூன்று வயது. நாலு மாதமாக ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மரம் இப்படி ஏறியிருக்கிறான், என் வேனில், நான் எழுதிக் கொடுத்த தோப்புகளில். இப்போது இந்தப் பெண்ணுக்கும் அதையே சொல்லிக் கொடுக்கிறான்.

"சங்கிலி" என்றேன். "அவிய மறக்கல. திமிர்லயும் ஏறல. பெல்ட்டத் தோள்ல போட்டுட்டுத்தான் நின்னாக. நான்தான் வேண்டாம்னேன்."

அவனுக்குப் புரியவில்லை. "எத வேண்டாம்னீக?"

எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றைப் பார்த்து ஆட்கள் பயப்படுகிறார்கள் என்று நான் நினைத்ததை, அவர் தயங்கியதை, பையன்கள் மதிப்பார்களா என்று கேட்டதை, சீட்டுக்குப் பின்னால் வைத்ததை. ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவன் கையில் இருந்த அரிவாளைத் தரையில் போட்டான். வீசவில்லை, போட்டான்.

"போலீஸ்காரன் கேட்டப்ப நானும் பக்கத்துல நின்னேன்லா."

"ஆமா."

"மறந்துட்டாருன்னு சொன்னீக."

"ஆமா."

"நாலு மாசம். அவர நான் வையாத வார்த்த இல்ல. எங்க அம்மாட்ட வஞ்சிருக்கேன். தோப்புக்காரங்ககிட்ட வஞ்சிருக்கேன். ஒவ்வொரு மரத்துல ஏறும்போதும் மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டே ஏறியிருக்கேன். ஒத்த வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவன் போய் வாய்க்கால் கரையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான்.

காளீஸ்வரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு வேனுக்குப் போய் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிப் பெல்ட்டை எடுத்து வந்தாள். தூசி தட்டி இடுப்பில் சுற்றினாள். எந்த வாரை எதில் மாட்டுவது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அதை எத்தனையோ பேருக்குப் போனில் விளக்கியிருக்கிறேன். ஒரு முறையாவது கட்டிப் பார்த்ததில்லை.

சங்கிலிப்பாண்டி எழுந்து வந்தான். என்னைப் பார்க்கவில்லை. வாரை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, கயிற்றை மரத்தில் சுற்றினான். நாலடி ஏறச் சொன்னான். "ரெண்டு கையையும் விடு."

அவள் விட்டாள். பெல்ட் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு தொங்கினாள்.

மறுநாள் மாரியாத்தாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சங்கிலிப்பாண்டி சொல்லியிருக்கிறான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"ஏட்டி ஈஸ்வரி, நாங்க கயிறு எதுக்குன்னு கேட்டது தப்பா?"

"தப்பில்ல அத்த. நீங்க பயப்படுதீகன்னு நினைச்சேன்."

"பயப்படாம? பெத்த பிள்ளைய அம்புட்டு உசரத்துல ஏத்துதீக. அந்தக் கயிறு பிடிக்குமா பிடிக்காதான்னு தெரிஞ்சுக்கத்தான கேட்டோம்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அன்னிக்கு வத்திராயிருப்புல உன் புருசன் கைய விட்டுத் தொங்கினாருல்ல. எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு. வீட்டுக்குப் போயி ரெண்டு வாரம் அதையேதான் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். விழல, பிடிச்சிருச்சு, விழல, பிடிச்சிருச்சுன்னு. எம்மவன் போகமாட்டேன்னான், திருப்பூருக்குப் போறேன்னான். நான்தான் தள்ளிவிட்டேன், அந்தக் கயிறு இருக்குலே, போலேன்னு."

நான் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்களுக்கு விளங்காதுன்னு நினைச்சுட்ட" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "உன் புருசனுக்கு எங்க மேல நம்பிக்க இருந்துச்சு. உனக்குத்தான் இல்ல."

அவள் போனபிறகு வெகுநேரம் அங்கேயே இருந்தேன். அவர் இறந்ததற்கு அழுததை விட அன்று அதிகம் அழுதேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அழுகை வரவில்லை. அவர் தோளிலிருந்து பெல்ட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் திரும்பத் திரும்ப வந்தது. நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டிருந்தால்கூடப் போதும்.

அதற்குப் பிறகு நான் அவர் அம்மாவிடம் சொன்னேன். மச்சானிடம் சொன்னேன். அவர் அம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நாங்கள் போடும் முகாம்களில் சங்கிலிப்பாண்டி இருபதடி ஏறித் தொங்குகிறான். பெண்கள் கூச்சல் போடுகிறார்கள். அவன் இறங்கியதும் நான் எழுந்து, என் கணவர் எப்படி இறந்தார், பெல்ட் வேண்டாம் என்று சொன்னது யார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். இருக்கிறவர்களிடம்தான் பெயர் கேட்கிறோம். இப்போது ஏழு பேர் ஆகியிருக்கிறார்கள். காளீஸ்வரி படிப்பு முடிந்து வந்துவிட்டாள். அவள் அட்டையை அவள் அப்பாதான் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தாராம். பத்து இன்னும் ஆகவில்லை.

சங்கிலிப்பாண்டி பெல்ட் இல்லாமல் ஏறுவதில்லை. காலையில் வந்து சாவியும் தோப்பு எழுதிய சீட்டும் வாங்கிப் போகிறான். எந்தத் தோப்பு, எத்தனை மரம் என்று மட்டும் கேட்பான். மதினி என்று கூப்பிடுவதில்லை. அவனிடம் அதை எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

போன வாரம் ராஜரத்தினம் அண்ணன் போன் செய்தார். அவர் தோப்பில் காய் வெட்டு முடிந்து பிள்ளைகள் வேனைக் கிளப்பியிருந்தார்கள்.

"தங்கச்சி, வேல சுத்தமா இருக்கு. அடுத்த வெட்டுக்கு என்னைக்கு வாராங்க?"

காலண்டரைப் பார்த்து நாள் எண்ணிச் சொன்னேன். தென்னைக்கு நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு வெட்டு. என் கணவர் இருந்தபோதும் அப்படித்தான்.